சிவாஜி கணேசனின் 'எனது சுயசரிதை': வேடங்களுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை

தமிழில் நடிகர்கள் எழுதிய தன்வரலாறுகள் அதிகம் இல்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்', அவ்வை தி.க.சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை', ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த எம்.ஜி.ஆரின் 'நான் ஏன் பிறந்தேன்' என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இவற்றுள் முதலிரண்டும் நாடகக்காரர்களின் நூல்கள். திரையில் வாழ்ந்தவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ரசிகர் மலர்களும் பத்திரிகைத் துணுக்குகளுமே. இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் சிவாஜி கணேசனின் 'எனது சுயசரிதை' என்னும் நூலின் முக்கியத்துவம் புரியும்.

சிவாஜி 2001ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி காலமானார். நூல் அவருடைய பிறந்த நாளையொட்டி 2002 அக்டோபரில், சிவாஜி பிரபு அறக்கட்டளையின் வெளியீடாக வந்தது. அவர் எழுதிய நூல் என்பதைவிடப் பேசிய நூல் என்பதே பொருந்தும். முனைவர் டி.எஸ்.நாராயணசாமி கேள்விகள் கேட்க, சிவாஜி பதில் சொல்ல, அந்தப் பதில்களே நூலாகத் தொகுக்கப்பட்டன. சபிதா ராதாகிருஷ்ணாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2007இல் வெளிவந்தது. தமிழ் படிக்கத் தெரியாத அடுத்த தலைமுறைக்கு, அவர்களுடைய தாத்தாவும் பாட்டியும் ஏன் அந்த மனிதருக்காகக் கண்ணீர் விட்டார்கள் என்பதைச் சொல்ல அது ஒரு வழி.

கேள்வி-பதில் வடிவத்திற்கு ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. பேசுகிறவரின் குரல் அப்படியே கேட்கிறது என்பது நன்மை. ஆராய்ச்சியாளர் தேடும் தேதிகளும் சான்றுகளும் அதில் போதிய அளவு இருக்காது என்பது குறை. நினைவிலிருந்து பேசும் ஒரு முதியவரின் சொற்களாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேடம்

1928 அக்டோபர் 1ஆம் தேதி விழுப்புரத்தில் பிறந்தவர் வி.சி.கணேசன். தந்தை சின்னையா மன்றாயர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். தாய் ராஜாமணி அம்மாள். பூர்வீகம் தஞ்சை மாவட்டத்துச் சூரக்கோட்டைப் பகுதி. குடும்பம் பிறகு திருச்சி சங்கிலியாண்டபுரத்திற்கு இடம்பெயர்ந்தது.

திருச்சியில் சிறுவனாக இருந்தபோது கட்டபொம்மன் கூத்து ஒன்றைப் பார்த்ததைச் சிவாஜி வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அந்தக் கூத்துதான் அவருக்கு நடிப்பாசையை ஊட்டியது. ஏறக்குறைய ஏழு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். சேரும்போது தான் ஓர் அனாதை என்று சொன்னார். தாயும் தந்தையும் உயிரோடிருக்க, அந்தப் பொய்தான் அவரை உள்ளே நுழைய விட்டது.

நூலிலேயே எனக்கு முக்கியமாகப் படும் இடம் இது. சிவாஜியின் முதல் வேடம் எது என்று கேட்டால் ரசிகர்கள் 'பராசக்தி'யின் குணசேகரன் என்பார்கள். நாடகம் அறிந்தவர்கள் ராமாயணத்துச் சீதை என்பார்கள். உண்மையில் அவர் ஏற்ற முதல் வேடம் அனாதைச் சிறுவன்தான். பின்னாளில் திரையில் தாய்க்காகவும் தங்கைக்காகவும் அவர் அழுத அழுகையை மிகை என்று சொன்னவர்கள், ஏழு வயதில் தாயை இல்லையென்று சொல்லிவிட்டு வந்த பையன் ஒருவன் அதற்குள் இருந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாய்ஸ் கம்பெனி என்னும் பள்ளிக்கூடம்

இன்றைய வாசகர்களுக்குப் 'பாய்ஸ் கம்பெனி' என்றால் என்னவென்று சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோரின் முயற்சியால் சிறுவர்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுக்கள் தமிழ்நாட்டில் தோன்றின. வளர்ந்த நடிகர்கள் வாத்தியாரின் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை. சொந்த வசனம் பேசினார்கள். மேடையிலேயே ஒருவரையொருவர் மடக்கினார்கள். சிறுவர்களானால் சொன்னபடி செய்வார்கள் என்பதே இதன் அடிப்படை. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும், நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபாவும், டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவும் இந்த மரபில் வந்தவை. எம்.ஜி.ஆர்., பி.யு.சின்னப்பா போன்றோரும் இத்தகைய கம்பெனிகளில் வளர்ந்தவர்களே.

இந்தக் கம்பெனிகளில் பையன்கள் உண்டு, உறங்கி, ஊர் ஊராகச் சுற்றி, பாட்டும் ஆட்டமும் வசனமும் கற்றார்கள். பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டுக்குப் போவது எளிதல்ல. அடி உண்டு. முகத்தில் மீசை அரும்பும்வரை ஸ்திரீபார்ட். மகரக்கட்டு உடைந்து குரல் கரகரத்துவிட்டால் அதுவரை கதாநாயகியாக இருந்தவன் ஒரே நாளில் சேவகன் வேடத்திற்கு வந்துவிடுவான். அதைத் தாண்டி மேலே வந்தவர்கள் சிலர். காணாமல் போனவர்கள் பலர். காணாமல் போனவர்கள் யாரும் சுயசரிதை எழுதவில்லை என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணேசன் ராமாயண நாடகத்தில் சீதையாகத் தொடங்கி, பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித் என்று மாறி மாறி நடித்தார். ஒரே கதையை அதிலுள்ள எதிரெதிரான மனிதர்களின் உள்ளிருந்து பார்க்கும் பயிற்சி இது. 'நவராத்திரி'யில் (1964) ஒன்பது வேடங்களில் அவர் தோன்றியதைச் சாதனை என்று வியக்கிறோம். கம்பெனிப் பையனுக்கு அது பழைய பழக்கம். அதேபோல் 1958இல் 'சம்பூர்ண ராமாயணம்' படத்தில் அவர் பரதனாக வந்தபோது மூதறிஞர் ராஜாஜி அந்த நடிப்பைப் பாராட்டினார். அந்தப் பரதன், பத்து வயதைத் தொடும் முன்னரோ பின்னரோ ஏதோ ஒரு ஊரின் தகரக் கொட்டகையில் உருவானவன்.

அவருடைய உச்சரிப்புத் தெளிவு, நெடுவசனத்தை மூச்சு விடாமல் பேசும் திறன், கடைசி வரிசைக்கும் தெரியும்படியான முகபாவம் எல்லாவற்றுக்கும் இங்கேதான் வேர். ஒலிபெருக்கி இல்லாத அல்லது சரியாக இல்லாத மேடையில், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கேட்கும்படி பேசியாக வேண்டும். அப்படிப் பழகிய உடம்பை அடுத்தாற்போல் கேமராவின் முன் கொண்டு வந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் ஒரு வகையில் தமிழ்ச் சினிமாவின் கதை.

பெயர் வந்த விதம்

1940களின் நடுப்பகுதியில் அறிஞர் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்னும் நாடகத்தை எழுதினார். அதில் சிவாஜியாக முதலில் நடிக்கவிருந்தவர் எம்.ஜி.ஆர். அவர் விலகிக்கொள்ளவே, கணேசனுக்கு அந்த வாய்ப்பு வந்தது. நீண்ட வசனங்களை ஒரே நாளில் மனப்பாடம் செய்து அண்ணாவின் முன் நடித்துக் காட்டியதைச் சிவாஜி பெருமையுடன் நினைவுகூர்வது வழக்கம். சென்னையில் நடந்த அந்த நாடகத்தைப் பார்த்த பெரியார், கணேசனை இனி 'சிவாஜி' என்றே அழைக்க வேண்டும் என்றார். பகுத்தறிவு இயக்கத்தின் தலைவர் ஒருவர், மராட்டிய மன்னரின் பெயரைத் தமிழ் நடிகர் ஒருவருக்குச் சூட்ட, அது சொந்தப் பெயரையே பின்னுக்குத் தள்ளிவிட்டது. மேடைப் பாத்திரத்தின் பெயரையே கடைசிவரை தன் பெயராகச் சுமந்தவர் அவர்.

அதன் பிறகும் உடனே சினிமா வந்துவிடவில்லை. சக்தி நாடக சபாவில் 'நூர்ஜஹான்' நாடகத்தில் பெண் வேடத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த வேலூர் பி.ஏ.பெருமாள் முதலியார்தான் 'பராசக்தி'க்கு இவரைக் கதாநாயகனாகத் தேர்ந்தெடுத்தார். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு, கூட்டாகத் தயாரித்த ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாருக்கு இவரிடம் திருப்தி ஏற்படவில்லை, கே.ஆர்.ராமசாமியைப் போடலாம் என்று கருதினார். பெருமாள் விட்டுக்கொடுக்கவில்லை. மெலிந்திருந்த கணேசன் உடம்பைத் தேற்றிக்கொண்ட பிறகு ஆரம்பக் காட்சிகள் மறுபடியும் எடுக்கப்பட்டன. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில், கலைஞர் மு.கருணாநிதியின் வசனத்தில் 1952 அக்டோபர் 17ஆம் தேதி, தீபாவளியன்று படம் வெளிவந்தது. மற்றவை வரலாறு. அவர் முதன்முதலில் கேமராவுக்கு முன் நின்று 'சக்ஸஸ்' என்று வசனம் பேசிய இடத்தில் பின்னர் ஏவி.எம். நிறுவனமே நினைவுச் சின்னம் எழுப்பியது.

பெருமாள் முதலியாரை அவர் மறக்கவில்லை. ஆண்டுதோறும் பொங்கலன்று வேலூருக்குச் சென்று, சீர்வரிசையோடு அவரை வணங்கிவிட்டு வருவதை வழக்கமாக வைத்திருந்தார். நூலில் காணப்படும் மனிதரை ஒரே செய்தியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

வாழ்க்கையிலிருந்து வேடத்திற்கு

சிவாஜியின் படங்களைச் சுயசரிதையோடு சேர்த்துப் பார்ப்பவர்களுக்குச் சில ஒற்றுமைகள் புலப்படும். சிறுவயதில் பார்த்த கட்டபொம்மனை அவர் விடவில்லை. சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்தில் முதலில் மேடையில் நடித்தார், அதன்பின் பி.ஆர்.பந்துலுவின் இயக்கத்தில் 1959இல் படமானது. 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருது அதற்குக் கிடைத்தது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி அந்த வீரனுக்குச் சிலையும் எழுப்பினார்.

சிறை சென்ற தந்தையின் மகன் 'கப்பலோட்டிய தமிழ'னில் (1961) வ.உ.சி.யானார். வசூலில் அது தோல்வி. ஆனால் அவருடைய அடக்கமான நடிப்புக்கு உதாரணமாக இன்றும் காட்டப்படுவது அந்தப் படம்தான். 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் (1973) நாடக நடிகனாகவே வந்து, தான் வளர்ந்த உலகத்தின் அந்திமத்தைக் காட்டினார். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் கன்னம் உப்புவதும், கழுத்து நரம்பு புடைப்பதும், சீவாளியை உதட்டில் வைக்கும் லாகவமும் சிவாஜியுடையவை. தஞ்சை மண்ணைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவர் கண்ணால் கற்ற வித்தை அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சங்கிலியாண்டபுரத்தில் கணேசனின் தோழராக இருந்து, நாடகக் கம்பெனிக்கு வழிகாட்டியவர் காகா ராதாகிருஷ்ணன். 1992இல் 'தேவர் மகன்' படத்தில் பெரிய தேவராகச் சிவாஜியும், அவருடைய தம்பியாகக் காகா ராதாகிருஷ்ணனும் நடித்தார்கள். பகை கொண்ட உடன்பிறப்புகளாகத் திரையில் தோன்றிய அந்த இரு முதியவர்களும் ஒரே தெருவிலிருந்து கிளம்பிய பையன்கள் என்பது படம் பார்த்த பலருக்குத் தெரியாது.

மிகை நடிப்பு என்னும் குற்றச்சாட்டு

சிவாஜியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. யதார்த்த சினிமாவின் அளவுகோலைக் கொண்டு அளப்பவர்களுக்கு அவர் மிகையாகத் தெரிவார். அது முற்றிலும் தவறான கணிப்பு என்றும் சொல்ல முடியாது. குறிப்பாக 1970களின் பிற்பகுதியில் வந்த படங்கள் பலவற்றில் கதை தளர்ந்து, நடிப்பு மட்டும் தனியாக ஓங்கி நின்றது. ஆனால் கூத்தும் கதாகாலட்சேபமும் இசை நாடகமும் தந்த மரபில், உணர்ச்சியைப் பெருக்கிக் காட்டுவதே நடிப்பின் இலக்கணம். கதகளியில் கண்ணை ஏன் இப்படி உருட்டுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர் அந்த மரபின் கடைசிப் பெரும் கலைஞர்.

மேலும், தேவைப்பட்ட இடத்தில் குறைத்து நடிக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. பாட்டே இல்லாமல் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954), பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' (1985) ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். முப்பத்தோரு ஆண்டு இடைவெளியில் வந்த படங்கள் அவை. இயக்குநர் கேட்டால் கொடுப்பதற்கு அவரிடம் எப்போதும் இருந்தது; கேட்டவர்கள்தான் குறைவு.

அரசியலில் தோற்ற கதை

சுயசரிதையின் கசப்பான பகுதி அரசியல். திராவிட இயக்க மேடைகளில் வளர்ந்தவர் சிவாஜி. 1956இல் திருப்பதிக்குச் சென்று வந்ததைக் காரணமாக்கி தி.மு.க.வினர் அவரைக் கடுமையாகத் தாக்கினர். சுவரொட்டிகள் மூலம் கேலி செய்தனர். அவர் இயக்கத்தைவிட்டு விலகினார். பின்னர் காமராஜரின் தொண்டராகக் காங்கிரசுக்கு உழைத்தார். 1982இல் மாநிலங்களவை உறுப்பினரானார். எம்.ஜி.ஆரின் மறைவுக்குப் பிறகு 1988இல் காங்கிரசிலிருந்து விலகித் 'தமிழக முன்னேற்ற முன்னணி' என்ற கட்சியைத் தொடங்கி, ஜானகி அம்மாள் அணியோடு கூட்டுச் சேர்ந்தார். 1989 ஜனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் திருவையாறு தொகுதியில் போட்டியிட்டு, தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். தன் பூர்வீக மாவட்டத்திலேயே தோற்றது அவருக்குப் பெரும் அடி. கட்சி விரைவில் ஜனதா தளத்தில் கலந்தது.

ஒரே காலத்து நடிகர்கள் இருவரில் ஒருவர் முதலமைச்சராகிப் பத்தாண்டுகள் ஆள, மற்றவர் ஒரு தொகுதியில்கூட வெல்ல முடியாமல் போனது ஏன்? இதற்குப் பலரும் பல காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். கட்சி அமைப்பு, கூட்டணிக் கணக்கு, காலம் எல்லாம் உண்மைதான். ஆயினும் வேடங்களும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. எம்.ஜி.ஆர். ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் ஒரே நல்லவராக வந்தார். ஏழையின் காவலர் என்ற அந்த உருவம் திரையிலிருந்து இறங்கி ஓட்டுச் சாவடிவரை நடந்து சென்றது. சிவாஜியோ குடிகாரராக, துரோகியாக, தோற்றுப்போன தந்தையாக, பாசத்தில் உருகிச் சாகும் அண்ணனாக வந்தார். 'அந்த நா'ளில் நாட்டைக் காட்டிக்கொடுப்பவர். இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி'யில் (1954) நண்பனின் மனைவியை விரும்பும் கெட்டவர். பார்வையாளர்கள் அவருடைய எந்த வேடத்தையும் அவரே என்று நம்பவில்லை. நன்றாக நடிக்கிறார் என்றுதான் நம்பினார்கள். நடிகனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. வேட்பாளருக்கு இதைவிடப் பெரிய தோல்வியும் இல்லை.

விருதுகளும் அங்கீகாரமும்

1966இல் பத்மஸ்ரீ, 1984இல் பத்மபூஷண், 1995இல் பிரான்சு நாட்டின் செவாலியே, அதையடுத்துத் தாதாசாகேப் பால்கே விருது. ஆனால் சிறந்த நடிகருக்கான இந்திய தேசிய விருது ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 'தேவர் மகன்' படத்திற்காக அறிவிக்கப்பட்ட நடுவர் குழுவின் சிறப்பு விருதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. முந்நூறுக்குச் சற்றுக் குறைவான படங்களில் நடித்த ஒருவருக்கு, டெல்லியைவிடக் கெய்ரோ முப்பதாண்டுகளுக்கு முன்பே மதிப்பளித்துவிட்டது என்பது வருந்தத்தக்க உண்மை.

இறந்த பிறகும் அலைச்சல் நிற்கவில்லை. 2006இல் சென்னைக் கடற்கரைச் சாலையில் நிறுவப்பட்ட அவருடைய சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்ற வழக்கின் விளைவாக 2017 ஆகஸ்டில் அகற்றப்பட்டு, அடையாற்றில் கட்டப்பட்ட மணிமண்டபத்திற்குச் சென்றது.

நமக்கு இந்நூல் ஏன்?

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்குச் சிவாஜி வெறும் நடிகராக மட்டும் இருந்ததில்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அவர் பேசிய தமிழைக் கேட்டுப் பேச்சுப் போட்டிக்குத் தயாரானவர்கள் ஏராளம். இலங்கையில் படமாக்கப்பட்ட 'பைலட் பிரேம்நாத்' (1978) படத்தில் சிங்களத் திரையின் பெருநடிகை மாலினி பொன்சேகா அவருடன் நடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். வீடியோக் கடைகளிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்த நாடாக்களில் தேய்ந்துபோய்க் கேட்ட அந்தக் குரல், பிற தேசங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ல, ழ, ள வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரும்கூட.

பள்ளிக்கூடம் போகாத ஒருவர் மூன்று தலைமுறைகளுக்குத் தமிழ் உச்சரிப்பைக் கற்பித்தார் என்பதில் ஒரு சமூக வரலாறே அடங்கியிருக்கிறது. அந்தக் கல்விக்கு அவர் கொடுத்த விலை தன்னுடைய குழந்தைப் பருவம். 'எனது சுயசரிதை'யைப் புகழ் மாலையாகப் படித்தால் ஓர் இரவில் முடித்துவிடலாம். நாடகக் கம்பெனிகளின் கொட்டகைகளில் வளர்ந்த பெயர் தெரியாத பையன்களையும் மனத்தில் கொண்டு படித்தால், அவர்கள் அனைவரின் சார்பிலும் ஒருவர் பேசியது போலிருக்கும். படிக்காதவர்கள் தேடிப் படிக்கலாம். முடித்தபின் 'கப்பலோட்டிய தமிழ'னை மறுபடியும் ஒருமுறை பார்க்கலாம்.